க்னோம் ஷெல்லை விட்டு ஐ3க்கு: சில வருடப் பயன்பாட்டுக்குப் பின்

உபுண்டு லினக்ஸில் இயல்பாக வரும் திரைச் சூழலான க்னோம் ஷெல்லை ஓரங்கட்டிவிட்டு, ஜன்னல்களை ஒன்றையொன்று மறைக்காமல் அடுக்கி விசைப்பலகையாலேயே இயக்க வைக்கும் ஐ3 விண்டோ மேனேஜரில் வேலை செய்ய ஆரம்பித்துச் சில வருடங்கள் ஓடிவிட்டன. வந்த புதிதில் எழுதியிருந்தால் வேகம், அழகு என்று புகழ்ந்து தள்ளியிருப்பேன். வேகம் இப்போதும் உண்டு, ஆனால் அது எனக்குப் பழகிப்போய்விட்டது. இன்று எனக்கு முக்கியமாகப் படுவது, ஐ3 மாறாமல் இருப்பதுதான்.

க்னோமையும் எக்ஸ்டென்ஷன்கள் என்ற துணை நிரல்கள் போட்டு வேண்டியபடி மாற்றலாம். ஆனால் அந்த வழியில் அடிப்படையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன்கள் ஷெல்லுக்குள்ளேயே புகுந்து ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்கள். க்னோமோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு விடுகிறது. உள்ளே ஏதாவது இடம் மாறினால் எக்ஸ்டென்ஷன் படுத்துவிடும். 2023 செப்டம்பரில் க்னோம் 45 வந்தபோது மாட்யூல்களை, அதாவது நிரலின் பகுதிகளை, ஏற்றும் முறையே மாறியது. பழைய எக்ஸ்டென்ஷன்கள் எல்லாவற்றையும் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. ஐ3யில் எல்லா அமைப்பும் கான்ஃபிக் என்ற ஒரே உரைக் கோப்பில் இருக்கிறது. நான் முதலில் எழுதிய வரிகளில் பாதிக்கு மேல் இன்றும் அப்படியே ஓடுகின்றன. ஜன்னல்களுக்கு இடையே இடைவெளி விடுவதற்கு முன்பெல்லாம் தனிக் கிளைப் பதிப்பு ஒன்றை நிறுவ வேண்டும். 2023 ஜனவரியில் வந்த 4.22இல் அதுவும் உள்ளேயே வந்துவிட்டது.

நிறுவுவது பெரிய காரியமில்லை. உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் ஏபிடி கட்டளை மூலம் போட்டுவிட்டு, லாகின் திரையில் இருக்கும் பல்சக்கரத்தை அழுத்தி ஐ3யைத் தேர்ந்தெடுத்தால் போதும். க்னோம் பக்கத்திலேயே இருக்கும், அழிக்கத் தேவையில்லை. முதல் தடவை உள்ளே போனால் கான்ஃபிக் கோப்பை உருவாக்கவா, முதன்மை விசை எது என்று ஒரு சின்னப் பெட்டி கேட்கும். அதைத் தாண்டினால் கறுப்புத் திரை, கீழே ஒரு பட்டை, அவ்வளவுதான். மெனு கிடையாது, ஐகான் கிடையாது. சூப்பர் விசையோடு (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) என்டர் அழுத்தினால், கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் வரும்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தெரியவரும், க்னோம் நமக்குத் தெரியாமலே எத்தனை வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்று. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் விசைகளை ஐ3யின் இயல்பான கான்ஃபிக் கோப்பே பார்த்துக்கொள்கிறது. திரை வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை. அதற்கு brightnessctl என்ற நிரலை நிறுவி விசையோடு இணைக்க வேண்டும். அறிவிப்புகளைக் காட்ட டன்ஸ்ட் என்ற நிரல். நிர்வாகி கடவுச்சொல் கேட்கும் பெட்டி வர வேண்டுமென்றால் அதைக் காட்டும் பால்கிட் ஏஜென்ட் என்ற நிரல் ஒன்றை நாமே கிளப்பிவிட வேண்டும். இல்லையென்றால் சில நிரல்கள் எந்தக் காரணமும் சொல்லாமல் சும்மா நிற்கும். ப்ரொஜெக்டரைச் செருகினால் தானாக ஒன்றும் நடக்காது. திரைகளை அமைக்கும் ஏரேண்டர் நிரலில் அவற்றை இழுத்து வைத்து, அதை ஸ்கிரிப்டாகச் சேமித்து, ஒரு விசையில் மாட்டி வைத்திருக்கிறேன். வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்குப் போனவர்களுக்கு இது புரியும், மோட்டார் போடுவதுகூட இனி நம் வேலைதான்.

தமிழ் தட்டச்சு செய்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. உள்ளீட்டு மொழிகளைக் கையாளும் ஐபஸ் மென்பொருள், மொழி மாற்ற இயல்பாக எடுத்துக்கொள்ளும் விசை சூப்பர் + ஸ்பேஸ். ஐ3யில் சூப்பரை முதன்மை விசையாக வைத்தால் அதே ஜோடி வேறொரு வேலைக்குப் போய்விடுகிறது. அடுக்கிய ஜன்னலுக்கும் மிதக்கும் ஜன்னலுக்கும் இடையே கவனத்தை மாற்றுவது அது. விளைவு, எத்தனை தடவை அழுத்தினாலும் தமிழ்99 விசைப்பலகை வராது, பிழைச் செய்தியும் வராது. ஐபஸ் அமைப்பில் கன்ட்ரோல் + ஸ்பேஸ் என்று மாற்றிக்கொள்ளலாம், அல்லது ஐ3 கோப்பில் அந்த வரியை முடக்கிவிடலாம். நான் இரண்டாவதைச் செய்தேன், விரல்கள் க்னோம் காலத்துப் பழக்கத்தை விடவில்லை.

எழுத்துரு விஷயமும் உண்டு. நிரல்களைத் திறக்க ஐ3யோடு வரும் டிமெனு, எழுத்துகளைக் கோப்பில் உள்ள வரிசையிலேயே வரைகிறது. கோப்புப் பெயர்களை அதற்குக் கொடுத்துப் பாருங்கள், ‘செலவு’ என்பதில் ஒற்றைக் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். டிமெனுவுக்குப் பதிலாகப் போடக்கூடிய ரோஃபி, எழுத்துகளைச் சரியாகக் கோத்து வரையும் பேங்கோ நூலகத்தைப் பயன்படுத்துவதால் அதில் சரியாக வரும். ஐ3 பட்டையிலும் எழுத்துரு வரியின் தொடக்கத்தில் பேங்கோ என்று இருக்க வேண்டும். அதோடு நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவையும் சேர்த்து, நேர அமைப்பைத் தமிழுக்கு மாற்றினால் கிழமைப் பெயர்கூடத் தமிழில் வருகிறது. தேவையா என்றால் தேவையில்லை, பார்க்க நன்றாக இருக்கிறது.

அன்றாடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்கிராட்ச்பேட். ஒரு அகராதி ஜன்னலை அதில் ஒளித்து வைத்திருக்கிறேன். சூப்பர் + மைனஸ் அழுத்தினால் நடுத்திரையில் வந்து நிற்கும், மறுபடி அழுத்தினால் போய்விடும். உலாவி எப்போதும் இரண்டாம் பணியிடம், எழுதுவது மூன்றாம் பணியிடம் என்று கான்ஃபிக்கில் எழுதிவைத்ததால் ஜன்னலைத் தேடுகிற வேலையே போய்விட்டது. கோப்பில் எதை மாற்றினாலும் சூப்பர் + ஷிஃப்ட் + ஆர் போதும், திறந்திருக்கும் எதுவும் மூடாமல் ஐ3 அங்கேயே மறுபடி தொடங்கும். திரையைத் தானாகச் சம பங்குகளாகப் பிரிப்பது மட்டும் எல்லா வேலைக்கும் ஒத்துவராது. படம் திருத்தும் மென்பொருள்களை நான் மிதக்கவே விட்டுவிடுகிறேன்.

வீட்டில் எல்லோரும் தொடும் கணினியில் இதைப் போட வேண்டாம். என் மனைவி ஒருமுறை அவசரத்துக்கு இதைத் திறந்துவிட்டு, “இதுல எங்கங்க கிளிக் பண்றது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி, பதில் என்னிடம் இல்லை. அவருக்குத் தனிக் கணக்கு தொடங்கி அதில் க்னோமையே வைத்துவிட்டேன்.

இனி யோசிக்க வேண்டியது வேலாண்ட், அதாவது லினக்ஸில் திரையில் ஜன்னல்களைக் காட்டும் புதிய முறை. ஐ3 பழைய முறையான எக்ஸ்11இல் மட்டுமே ஓடும். 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10இல் க்னோமின் எக்ஸ்11 அமர்வு எடுக்கப்பட்டுவிட்டது. ஐ3யை இன்னும் நிறுவலாம் என்றாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறது. வேலாண்டில் ஐ3யின் இடத்துக்கு வருவது ஸ்வே. அதே கான்ஃபிக் கோப்பைப் பெரும்பாலும் அப்படியே படிக்கும். ஆனால் எக்ஸ்11ஐ நம்பியிருக்கும் ஏரேண்டர் ஸ்கிரிப்ட் அங்கே உதவாது, தமிழ் உள்ளீட்டையும் புதிதாக அமைக்க வேண்டும். பழைய மடிக்கணினி ஒன்றில் முதலில் அதை ஓட்டிப் பார்க்கப்போகிறேன். தமிழ்99 அங்கே ஒழுங்காக வேலை செய்த பிறகுதான் முக்கியக் கணினியில் கை வைப்பேன்.