16,000 அடி உயரத்தில் 10 லிட்டர் குக்கர்: ஒரு முன்னாள் பீரங்கிப் படை வீரனின் மதிப்புரை

10 லிட்டர் கொள்ளளவுள்ள, வெளிமூடி வகை அலுமினிய பிரஷர் குக்கரைப் பற்றிய மதிப்புரை இது. இதே அமைப்பில் பல நிறுவனங்கள் செய்து விற்பதால் எந்த நிறுவனத்தின் பெயரையும் நான் குறிப்பிடவில்லை. 1999 ஜூனில் கார்கில் போரின்போது லடாக்கின் திராஸில் பீரங்கிப் படைப்பிரிவோடு இருந்தபோதும், போர் முடிந்தபின் அந்தக் குளிர்காலம் முழுவதும் சுமார் 16,000 அடி உயரத்துக் காவல் நிலையொன்றில் இன்னும் எட்டுப் பேரோடு இருந்தபோதும், நாள்தோறும் இரண்டு வேளை என் கண்முன்னால் அடுப்பில் இருந்த பாத்திரம் இது. வேலூர் மாவட்டத்தில் எங்கள் ஊரிலிருந்து இன்றும் பிள்ளைகள் ராணுவத்தில் சேர்ந்து லடாக் பக்கம் போகிறார்கள். புறப்படுவதற்கு முன் என்னிடம் வந்து கேட்கும் கேள்விகளில் பாதி சோற்றைப் பற்றியவை. அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

உயரத்தில் சோறு ஏன் வேகாது என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை ஒரு டிகிரி குறைகிறது. சுமார் 10,800 அடியில் இருக்கும் திராஸில் அது 89 டிகிரிக்குப் பக்கத்திலும், எங்கள் காவல் நிலையில் 84 டிகிரிக்குப் பக்கத்திலும் இருந்தது. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். அரிசியோ மேலே குழைந்து, நடுவில் சுண்ணாம்புக் கட்டி போல நிற்கும். ராஜ்மாவும் கொண்டைக்கடலையும் நாள் முழுக்கக் கொதித்தாலும் பல்லுக்கு மசியாது. அந்த உயரத்தில் பசியே எடுப்பதில்லை, எடுத்து வைத்த கவளத்தைப் பார்த்தாலே சிலருக்குக் குமட்டும். அப்படிப்பட்ட இடத்தில் வேகாத சோற்றைப் போட்டால் ஆள் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வான், ஒரே மாதத்தில் அவனுடைய பெல்ட்டுக்குப் புதிய ஓட்டை போட வேண்டி வரும்.

சாதாரண வீட்டுக் குக்கரின் வெயிட், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் சேர்ந்த பிறகே தூக்கிக்கொள்ளும். சமவெளியில் இதனால் உள்ளே 120 டிகிரி வரை வெப்பம் ஏறுகிறது. மலையில் வெளிக்காற்றே மெலிந்திருப்பதால் அவ்வளவு கிடைப்பதில்லை. 16,000 அடியில் 112 டிகிரி அளவில் நின்றுவிடும். ஆனால் 84க்கும் 112க்கும் இடையே உள்ள அந்த வித்தியாசத்தில்தான் ஒன்பது பேரின் வயிறு நிறைந்தது. 2,000 அடிக்கு மேல் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சமைக்கும் நேரத்தை 5 சதவீதம் கூட்ட வேண்டும் என்ற கணக்கு எங்கள் அனுபவத்தில் சரியாகவே வந்தது. ஊரில் 10 நிமிடம் பிடிக்கும் பருப்புக்கு அங்கே 17 நிமிடம் வைத்தோம். காற்று அதிகமாக வீசிய நாள்களில் இன்னும் கொஞ்சம் கூட்டினோம்.

சேஃப்டி வால்வைப் பற்றி நான் உறுதியாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. திராஸுக்கு மேலே உள்ள தோலோலிங் சிகரம் மீட்கப்பட்ட ஜூன் 13ஐ ஒட்டிய நாள்களில் எங்கள் போஃபர்ஸ் பீரங்கிகள் இரவு பகலாக முழங்கிக்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கத்திலிருந்தும் குண்டுகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. லங்கர், அதாவது எங்கள் சமையற்கூடம், மலை வளைவுக்குப் பின்னால் கற்களை அடுக்கித் தார்ப்பாய் கட்டிய ஓர் இடம். ஒரு மாலை பருப்பு அடுப்பில் இருக்கும்போதே குண்டுகள் நெருங்கி விழத் தொடங்க, மதுரைப் பக்கத்துச் சமையற்கார அண்ணன் உட்பட எல்லோரும் பங்கருக்குள் ஓடினோம். எரிந்துகொண்டிருந்த ஸ்டவ்வை அணைக்க யாருக்கும் நேரம் இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது உள்ளே இருந்த தண்ணீர் முழுவதும் வற்றி, சேஃப்டி வால்வில் இருக்கும், எளிதில் உருகும் உலோகக் கலவை உருகி வழிவிட்டு, தார்ப்பாய்க் கூரை முழுவதும் மஞ்சளாகப் பருப்பு அப்பிக் கிடந்தது. குக்கரோ பிளக்காமல், மூடி நகராமல், அடி மட்டும் கருகி, அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. செய்ய வேண்டிய ஒரே வேலையைச் செய்ய வேண்டிய நேரத்தில் அந்தச் சிறிய வால்வு செய்திருந்தது.

மாற்று வால்வு கையில் இல்லை. ஒரு தோழர், பொருத்தமான போல்ட் ஒன்றைத் திருகி அடைத்துவிடலாம் என்று நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அண்ணன் மூடியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, "பட்டினி கிடந்தாலும் சரி தம்பி, இதை மட்டும் செய்யக் கூடாது" என்றார். நான்கு நாள் பெரிய பாத்திரத்தின் தட்டு மேல் கல்லை ஏற்றிச் சமைத்தோம்; நான்கு நாளும் சோறு விறைத்தே இருந்தது. ஐந்தாம் நாள் இரவு விளக்கில்லாமல் வந்த லாரியில் புதிய வால்வு வந்து சேர்ந்தது. இந்தக் குக்கரோடு மலையேறும் யாருக்கும் நான் முதலில் சொல்வது, இரண்டு சேஃப்டி வால்வுகளைத் துணியில் முடிந்து உடன் கொண்டுபோக வேண்டும் என்பதுதான்.

அண்ணன் கற்றுத்தந்த இன்னொன்று, குளிர்காலத்தில் மேலே போனபின் எங்கள் உயிரைக் காத்தது என்றே சொல்வேன். முந்தைய சமையலின் ஈரம் மூடியில் இருக்கும் நீராவித் துளைக்குள் நின்று, இரவில் உறைந்து, ஊசிபோல் பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் மூடி அடுப்பில் வைத்தால் வெயிட் தூக்காது. அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். "மூடியை வெளிச்சத்துல தூக்கிப் பாரு தம்பி, ஓட்டையில வானம் தெரியணும்" என்பார். மேலே விடியலுக்கு முன்பே அடுப்பு பற்ற வைப்பதால் வெளிச்சம் இருக்காது. ஆகவே பங்கரின் வாசலுக்கு வந்து, மூடியைக் கண்ணருகே பிடித்து, அந்தத் துளை வழியே ஒரு நட்சத்திரம் தெரிகிறதா என்று பார்ப்போம். தெரியாவிட்டால் மூடியை ஸ்டவ்வின் அருகே சற்றுக் காட்டி, மெல்லிய கம்பியை விட்டுக் குடைந்து, மறுபடியும் வாசலுக்கு வருவோம். கையுறை இல்லாமல் மூடியைத் தொட்டால் விரல் தோல் அலுமினியத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் இதையெல்லாம் கம்பளிக் கையுறையோடுதான் செய்தாக வேண்டும்.

கேஸ்கட் விஷயத்தில் இந்தக் குக்கர் குளிருக்காகச் செய்யப்பட்டது அல்ல என்பது தெளிவாகத் தெரிந்தது. ரப்பர் இரவில் மரம்போல் விறைத்துவிடும். அப்படியே பொருத்தினால் விளிம்பைச் சுற்றி ஆவி சீறும், அழுத்தம் ஏறாது. யாருக்குச் சமையல் முறையோ அவர் முந்தைய இரவே கேஸ்கட்டைத் துடைத்து, பனியனுக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு தூங்குவது எங்கள் வழக்கமாயிற்று. காலையில் உடம்புச் சூட்டோடு எடுத்துப் பொருத்தினால் சொன்னபடி கேட்கும். கைப்பிடியின் பேக்லைட்டும் டிசம்பரிலேயே வெடித்தது. கட்டுக்கம்பியையும் பேண்டேஜ் துணியையும் சுற்றி ஓட்டினோம். கோவேறு கழுதையின் முதுகிலிருந்து ஒருமுறை விழுந்து விளிம்பு நசுங்கியபோது, கூடாரத்து முளை அடிக்கும் மரச்சுத்தியால் பொறுமையாகத் தட்டி நேராக்க ஒரு முழுப் பகல் பிடித்தது. மெல்லிய அலுமினியத்தில் இந்தக் குறை என்றும் உண்டு. கனமான அடி, கனமான விளிம்பு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்; சுமை கூடினாலும் பரவாயில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததைத் தொடவே தொடாதீர்கள்.

விசிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் மூன்று விசில், ஐந்து விசில் என்றுதான் கணக்கு. எதிரியின் நிலைகள் எதிர்ச் சரிவில் இருக்கும் இடத்தில், காற்று அடங்கிய இரவுகளில் ஒரு தகர டப்பா உருண்டாலே நெடுந்தூரம் கேட்கும். அங்கே குக்கரைக் கூவ விட முடியாது. வெயிட் லேசாக நடுங்கிச் 'சுர்' என்ற சத்தம் வந்தவுடன் ஸ்டவ்வின் காற்றைக் குறைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். இதனால் மண்ணெண்ணெயும் மிஞ்சியது. ஒவ்வொரு ஜெர்ரிகேனும் ஒரு மனிதனின் முதுகிலோ கழுதையின் முதுகிலோ ஏறி வந்தது என்பதால் அந்தச் சேமிப்பு எங்களுக்குப் பெரியது. பனியை உருக்கித் தண்ணீர் எடுப்பதிலேயே அதில் பெரும்பங்கு போய்விடும். நேரம் முடிவதற்குச் சற்று முன்பே அடுப்பிலிருந்து இறக்கி, பழைய கம்பளியில் சுற்றி அரை மணி நேரம் வைத்துவிட்டால் மீதி வேக்காடு தானாகவே முடியும். இன்றும் என் வீட்டில் நான் விசிலை எண்ணுவதில்லை.

2000 ஜனவரியில் பொங்கல் வந்தது. ஒன்பது பேரில் தமிழன் நான் ஒருவன். கேரளத்துச் சேட்டன் ஒருவர், மற்றவர்கள் வடநாட்டவர்கள். கழுதைப் பாதை பனியில் மூடிப்போயிருந்தது. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், பால் பவுடர், டப்பா முந்திரி ஆகியவை கையில் இருந்தன. பானை பொங்குவதைப் பார்க்காமல் என்ன பொங்கல் என்று எனக்கு மனம் ஒப்பவில்லை. குக்கரை மூடாமலே ஸ்டவ்வில் வைத்து, பனியை உருக்கிய தண்ணீரில் பால் பவுடரைக் கரைத்து ஊற்றினேன். 84 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் ஆதலால், ஊரில் ஆகும் நேரத்துக்கு முன்பே நுரை கிளம்பி விளிம்பைத் தாண்டி வழிந்து, ஸ்டவ்வின் சுடரில் பட்டுச் சீறியது. 'பொங்கலோ பொங்கல்' என்று நான் சொன்னேன். உரக்கச் சொல்ல முடியாத இடம் என்பதால் எட்டுப் பேரும் தலையை நெருக்கி வைத்துக்கொண்டு அதே சொல்லைத் தாழ்ந்த குரலில் திருப்பிச் சொன்னார்கள். பிறகு அரிசியையும் பருப்பையும் களைந்து போட்டு, மூடியைத் தூக்கி வாசல் வெளிச்சத்தில் துளையைப் பார்த்து, பனியனுக்குள்ளிருந்து கேஸ்கட்டை எடுத்துப் பொருத்தி மூடினேன். 20 நிமிடம் கழித்துத் திறந்தபோது அரிசி விரலுக்கு நசுங்கியது. வெல்லத்தைப் போட்டுக் கிளறி மெஸ் டின்களில் பரிமாறினேன். மூன்று நாளாக எதையும் சாப்பிடாமல் படுத்திருந்த இளைஞன் ஒருவன் எழுந்து உட்கார்ந்து, இரண்டாம் முறையும் தட்டை நீட்டினான்.