ஹவுஸ்போட் டாய்லெட் வேலைக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள் கவனிக்கவும்

நானும் என் மச்சானும் கூட்டாக ஆலப்புழையில் ஒரு ஹவுஸ்போட் ஓட்டுகிறோம். சீசன் தொடங்குகிற நேரம் பார்த்து பின் அறை டாய்லெட் படுத்த ஆரம்பித்தது. ஃப்ளஷ் பட்டனை அழுத்தினால் நாற்றம் குப்பென்று மேலே வரும். கழிவை அரைத்துத் தொட்டிக்குத் தள்ளும் 12 வோல்ட் மோட்டார் முக்கி முனகித்தான் ஓடியது.

படகுத்துறையில் விசாரித்து ஒருவரைப் பிடித்தோம். பலகையைத் தூக்கிப் பார்த்த கையோடு, "மோட்டார் எரிஞ்சு போச்சு சார், ஹோஸும் மாத்தணும்" என்றார். புது மோட்டார், படகுக்கென்றே வரும் ஹோஸ், கூலி எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். பழைய மோட்டாரைக் கேட்டதற்கு, அதை ஸ்கிராப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னார். பில்லும் தரவில்லை.

சில வாரத்தில் அதே நாற்றம். வந்திருந்த குடும்பம் சாப்பிடாமலே இறங்கிப் போனது. அப்புறம்தான் கொச்சியில் பாய்மரப் படகுகளுக்கு வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம்.

அவர் முதலில் உள்ளேயே போகவில்லை. படகின் வெளிப்பக்கம் தொட்டியின் காற்றுக்குழாய் முடியும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை விட்டுக் குடைந்தார். பொலபொலவென்று மண் கொட்டியது, குளவிக் கூடு! காற்றுக்குழாய் அடைத்தால் தொட்டிக்குள் அழுத்தம் ஏறும். மோட்டார் திணறும், நாற்றம் டாய்லெட் வழியாகத் திரும்பி வரும். ஆரம்பத்திலிருந்தே நோய் இவ்வளவுதான்.

அப்புறம் மோட்டாரைக் கழற்றி நகத்தால் சுரண்டினார். கறுப்புப் பெயின்ட் உரிந்து, அடியில் எங்கள் பழைய மோட்டாரின் ஸ்டிக்கர் எட்டிப் பார்த்தது. எங்கள் மோட்டாரையே கழுவி, பெயின்ட் அடித்து, எங்களுக்கே விற்றிருக்கிறான் அந்தப் புண்ணியவான்.

ஹோஸுக்கு அவர் செய்த சோதனை யாரும் செய்யக்கூடியது. சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஹோஸைச் சுற்றித் தேய்த்தார். துணி ஆறியதும் என்னிடம் நீட்டி, "முகர்ந்து பாருங்க" என்றார். குமட்டிக்கொண்டு வந்தது. எங்கேயும் ஒழுகவில்லை, ஆனால் ரப்பர் வழியாகவே நாற்றம் கசிந்திருக்கிறது. போட்டிருந்தது வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் சாதாரண ஹோஸ். கழிவுக்கென்று தயாராகும் ஹோஸ் விலை பல மடங்கு, அந்த வித்தியாசம் அப்படியே அவன் பைக்குள். ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பும் அதே தரம்தான். ஸ்டெயின்லெஸ் என்று சொல்லிப் போட்டவற்றின் ஸ்க்ரூவில் காந்தம் பட்டென்று ஒட்டியது. கடலின் உப்புநீரைத் தடுக்கும் தண்ணீர்முக்கம் தடுப்பணை திறந்திருக்கும் மாதங்களில் காயலில் உப்புத் தண்ணீர் ஏறும். அதற்கு இந்த இரும்பு எத்தனை நாள் தாங்கும்?

இதையெல்லாம் விட மோசமானது கடைசியில்தான் கண்ணில் பட்டது. தொட்டிக்குப் போகும் குழாயில் நடுவே 'T' வடிவ ஜாயின்ட் ஒன்று, அதிலிருந்து ஒரு கிளை நேராகக் காயலுக்கு. நிறைந்த தொட்டியை உறிஞ்சி எடுக்கக் கொடுக்கும் காசு மிச்சமாகும் என்று பல படகுகளில் அவனே இப்படி வைத்துக் கொடுக்கிறானாம், பிறகு கேள்விப்பட்டேன். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேம்பநாட்டுக் காயல் 2002 முதல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் இருக்கும் ஈரநிலம். அதில் மீன் பிடித்துத் தின்கிறவர்கள் கரை நெடுக இருக்கிறார்கள். சோதனைக்கு ஆள் வந்தால் மாட்டுவது படகுக்காரன்தான், பிளம்பர் இல்லை. போதாததற்கு அந்தக் கிளை நீர்மட்டத்துக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் வால்வை நம்பி நிற்கிறது. கிளாம்ப் துருப்பிடித்து ஹோஸ் நழுவினால் ராத்திரியில் படகுக்குள் தண்ணீர் ஏறும், அறையில் ஆட்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஃபோன் செய்தோம். முதலில் "பார்க்கிறேன் சார்", பிறகு எடுப்பதே இல்லை. பணம் வரவில்லை. பில் இல்லாததால் போலீஸ் ஸ்டேஷனிலும் கையை விரித்துவிட்டார்கள்.

அந்தப் பக்கம் படகு வைத்திருப்பவர்கள் மோட்டார் மாற்றினால் பழையதைக் கையில் வாங்கிவிட்டு மீதிக் காசைக் கொடுங்கள். ஹோஸின் மேல் அச்சடித்திருப்பதைப் பொருத்துவதற்கு முன்பே படித்துப் பாருங்கள். பலகையை மூடும்முன் ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது என்று டார்ச் அடித்துத் தொடர்ந்து பாருங்கள், ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். அந்த ஆளின் அடையாளம் வேண்டுமென்றால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.