வங்கி பிடித்த அபராதத்தைத் திரும்ப வாங்க: ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரா, பார்க் டவுன் நுகர்வோர் ஆணையமா?

மினிமம் பேலன்ஸ் இல்லை என்று மாதாமாதம் பிடித்த பணத்தைக் கேட்கச் சென்னைவாசிக்கு இரண்டு வழி உண்டு. சில ஆயிரம் ரூபாய் என்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் புகார் பதியும் சிஎம்எஸ் இணையதளமே மேல். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், கணக்கு எந்த ஊர்க் கிளையில் இருந்தாலும் கவலையில்லை.

ஆனால் வங்கியிடம் எழுத்தில் கேட்காமல் நேரே போனால் புகார் திரும்பிவிடும். மேலாளரிடம் வாயால் சொன்னது செல்லாது. கடிதத்தின் நகலில் கிளை முத்திரை வாங்குங்கள், அல்லது புகார் எண் வரும்படி மின்னஞ்சல் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் சிஎம்எஸ்ஸில் ஏற்றலாம்.

கடிதத்தில் ‘அநியாயம்’ என்று மட்டும் எழுதினால் வேலைக்காகாது. மீறிய விதியைக் காட்ட வேண்டும். 2015 ஏப்ரல் 1 முதல் உள்ள ரிசர்வ் வங்கி விதி இது: இருப்பு குறைந்தால் வங்கி முதலில் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதத்தில் எச்சரித்து, சரிசெய்யக் குறைந்தது ஒரு மாதம் தர வேண்டும். அபராதம், இருப்பில் குறைந்த தொகையின் விகிதப்படிதான் இருக்கலாம். அபராதத்தாலேயே கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. செயலற்ற கணக்கில் இந்த அபராதமே கூடாது.

ஆகவே ஸ்டேட்மென்ட்டை எடுத்து, பிடித்த தேதி, பற்றாக்குறை, அபராதம், எச்சரிக்கை வந்ததா என்று வரிவரியாக எழுதுங்கள். அபராதத்தோடு பிடித்த 18% ஜிஎஸ்டியையும் திரும்பக் கேட்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். 600 ரூபாய்க்கு 108 ரூபாய் அப்படியே போய்விடும். முறைப்படி எச்சரித்து, விகிதப்படி பிடித்திருந்தால் நியாயம் வங்கி பக்கம், விட்டுவிடுங்கள்.

பார்க் டவுனில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் பெரிய தொகைக்கு ஏற்றது. உதாரணமாக, மாறும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைத்ததற்குத் தனிநபரிடம் கட்டணம் பிடித்திருந்தால். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை, நாமே வாதாடலாம், நுகர்வோர் ஆணையங்களின் இணையதளமான இ-ஜாக்ரிதி வழியே மனுப் போடலாம். மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் சேர்த்துக் கேட்கலாம். வங்கி பதில் தரவே 30 நாள், நீட்டித்தால் இன்னும் 15 நாள், அதன்பின் வாய்தாக்கள். 2,000 ரூபாய்க்கு இது வீண் அலைச்சல்.

வரிசையை மாற்றாதீர்கள். ஆணையத்தில் வழக்கு இருக்கும்போது அதே புகாரைக் குறைதீர்ப்பாளர் எடுக்கமாட்டார். அவர் பதிலுக்குக் காத்திருக்கும்போதும், பணம் பிடித்த நாளிலிருந்து ஆணையத்துக்கான 2 ஆண்டுக் கெடு ஓடிக்கொண்டிருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.