ஒரு கிலோ பி.எல்.ஏ. ஃபிலமெண்ட்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பள்ளிகளுக்கு அறிவியல் மாதிரிகள் செய்து கொடுக்கும் எங்கள் சிறு பட்டறை சென்னையில் இருக்கிறது. அங்குள்ள 3-டி பிரிண்டர்களில், அதாவது பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காகப் பொருள்களை உருவாக்கும் இயந்திரங்களில், மூன்று ஆண்டுகளாகப் பி.எல்.ஏ. என்னும் பயிர்வழிப் பிளாஸ்டிக்கின் இழையைத்தான் (ஃபிலமெண்ட்) பெரும்பாலும் பயன்படுத்தி வருகிறோம். 1.75 மில்லிமீட்டர் தடிமனுள்ள இழையை ஒரு கிலோ அளவுக்குச் சுருளாகச் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்துடன் காற்றுப் புகாத உறையில் இட்டு, ஏறக்குறைய 1,000 ரூபாய்க்கு விற்கிறார்கள். முழுவதையும் பிரித்து நீட்டினால் சுமார் 335 மீட்டர் வரும். வெவ்வேறு கடைகளில் வாங்கி, ஐம்பதுக்கும் மேற்பட்ட சுருள்களைத் தீர்த்துவிட்ட நிலையில் இந்தப் பொருளைப் பற்றி எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அதன் பெட்டியில் அச்சிடப்படும் ஒரு வாசகத்தைப் பற்றி அதே அளவு வருத்தமும் உண்டு.

முதலில் இது எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் உறை ஊற்றிய பால் தயிராகிப் புளிப்பதற்குக் காரணம், பாக்டீரியாக்கள் அதில் உண்டாக்கும் லாக்டிக் அமிலம். அந்தப் பாக்டீரியாக்களின் உறவினங்களையே ஆலையில் பெரிய தொட்டிகளில் வளர்த்து, பாலுக்குப் பதிலாக மக்காச்சோள மாவுச்சத்திலிருந்தோ கரும்பிலிருந்தோ எடுத்த சர்க்கரையை ஊட்டி, அதே அமிலத்தை டன் கணக்கில் பெறுகிறார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துப் பிளேர் நகரில் 2002-இல் தொடங்கப்பட்ட நேச்சர்வொர்க்ஸ் ஆலைக்கு மக்காச்சோளமும், தாய்லாந்தின் ராயோங்கில் ஆண்டுக்கு 75,000 டன் திறனுடன் அமைந்த டோட்டல்எனர்ஜிஸ் கார்பியன் ஆலைக்குக் கரும்பும் மூலப்பயிர்கள். கிடைத்த அமிலத்தைச் சுருக்கி, லாக்டைடு என்னும் வளைய மூலக்கூறாக்கி, வடித்துத் தூய்மைப்படுத்தி, பிறகு அந்த வளையங்களைத் திறந்து நீண்ட சங்கிலிகளாகக் கோக்கும்போது பாலிலாக்டிக் அமிலம், அதாவது பி.எல்.ஏ., உருவாகிறது.

இந்த வழிமுறையில் என்னைக் கவர்ந்தது அதன் சிக்கனம். வேதியியல் கணக்கின்படி 180 கிராம் குளுக்கோஸ் அப்படியே 180 கிராம் லாக்டிக் அமிலமாக மாறக்கூடியது. அதிலிருந்து தண்ணீர் மட்டும் நீங்க 144 கிராம் பிளாஸ்டிக் மிஞ்சும். அதே சர்க்கரையை ஈஸ்ட்டைக் கொண்டு எத்தனாலாக்கி, அதிலிருந்து பாலித்தீன் செய்தால், கணக்கின் உச்ச அளவே 56 கிராம்தான், ஏனென்றால் பெரும்பகுதி கரியமில வாயுவாகவும் நீராகவும் போய்விடுகிறது. விளைநிலத்தின் ஒவ்வொரு ஏக்கரும் உணவுக்காகவும் தேவைப்படுகிற உலகில் இந்த வேறுபாடு சிறியதன்று. எனினும் எல்லாமே தூய்மையாக நடந்துவிடுகிறது என்றும் எண்ண வேண்டாம். தொட்டியில் அமிலம் சேரச் சேரப் பாக்டீரியாக்கள் சோர்ந்துவிடுவதால் சுண்ணாம்பிட்டு அதை நடுநிலையாக்குகிறார்கள். பின்னர் கந்தக அமிலத்தைக் கொண்டு லாக்டிக் அமிலத்தை மீட்கும் வழக்கமான முறையில், ஒரு டன் அமிலத்துக்கு ஏறக்குறைய ஒரு டன் ஜிப்சம் சேர்ந்துவிடுகிறது. பச்சை இலைப் படம் போட்ட எந்தப் பெட்டியிலும் இந்த ஜிப்சத்தைப் பற்றிய ஒரு சொல்லைக்கூட நான் கண்டதில்லை.

பயன்பாட்டில் இது தொடக்கநிலையினருக்கு ஏற்ற பொருள் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. 200 முதல் 210 டிகிரி செல்சியஸில் சீராக உருகி வழிகிறது. பொருள் உருவாகும் தளத்தை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் போதும், ஓரங்கள் மேலெழும்பி வளைவது அரிது. ஏ.பி.எஸ். என்னும் வேறொரு பிளாஸ்டிக் இழையில் அச்சிடும்போது எழும் ஸ்டைரீன் நெடி இதில் இல்லை என்பதால், பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கும் செயல்விளக்கங்களுக்கு இதையே கொண்டு செல்கிறோம். அப்போதும் சன்னல்களைத் திறந்து வைப்பது எங்கள் வழக்கம். மண்டையோட்டின் நுண்ணிய பொருத்துகளும், பூக்களின் குறுக்குவெட்டு மாதிரிகளும் கூர்மையாக வருகின்றன. பொருள் விறைப்பானது, ஆனால் நொறுங்கும் தன்மையும் உடையது. ஆகவே அழுத்திப் பூட்டும் கொக்கிகளை இதில் செய்தால் சில முறை கழற்றி மாட்டியதுமே முறிந்துவிடுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் உறையைப் பிரித்து வெளியே வைத்த சுருள் சில நாட்களிலேயே ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. அப்போது இழை உருகி வழியும் முனையில் சடசடவென்று ஒலி எழும், மேற்பரப்பு சொரசொரப்பாகும், இழையே கையில் முறியும். 45 டிகிரி வெப்பத்தில் ஐந்தாறு மணி நேரம் உலர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது.

வெப்பம்தான் இதன் பெரிய பலவீனம். 55 முதல் 60 டிகிரிக்குள் இது இளகத் தொடங்கிவிடும் என்பதை ஏட்டில் படித்திருந்தும், நண்பர் ஒருவர் கேட்டதற்காகக் காரில் பொருத்தும் கைபேசித் தாங்கி ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தேன். மே மாதத்தில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய ஒரே பிற்பகலில் அது வாடிய தண்டுபோல் கீழே சாய்ந்துவிட்டது. நம் ஊரில் மொட்டைமாடி, வாகனம், அடுப்பங்கரை ஆகிய மூன்று இடங்களுக்கும் இதில் எதையும் செய்து வைக்காதீர்கள். அச்சிட்ட பின் சூடேற்றிப் படிகமாக்கினால் கூடுதல் வெப்பத்தைத் தாங்கும் ரகங்களும் கிடைக்கின்றன, ஆனால் சூடேற்றும்போது அளவுகள் சற்றே மாறிவிடுவதால் பொருந்த வேண்டிய பாகங்களுக்கு அவை எங்களுக்கு உதவவில்லை.

இனி என் வருத்தத்துக்கு வருகிறேன். நாங்கள் வாங்கிய சுருள்களுள் ஒன்றின் பெட்டியில், உபயோகித்தபின் மண்ணில் புதைத்தால் மக்கிவிடும் என்று எழுதியிருந்தது. அதை நம்பி, பழுதான மாதிரிகளைக் காய்கறிக் கழிவுடன் எங்கள் உரக்குழியில் போட்டு, பதினான்கு மாதங்கள் கழித்துத் தோண்டியபோது அவை நிறம் மங்கியிருந்தன என்பதைத் தவிர வேறு மாற்றம் இல்லை. பல் சக்கரம் ஒன்றின் பற்களைக்கூட எண்ண முடிந்தது. இது பொருளின் குற்றமன்று. பி.எல்.ஏ. சங்கிலிகளை முதலில் நீர் துண்டாட வேண்டும், துண்டான பிறகே நுண்ணுயிரிகள் அவற்றை உண்ணும். அந்தத் துண்டாடல் விரைவாக நடப்பதற்கு, பொருள் இளகும் அளவுக்கு வெப்பமும் ஈரமும் சேர்ந்து நீடிக்க வேண்டும். மக்கும் பிளாஸ்டிக்குக்கான சோதனைகள் 58 டிகிரி அளவில், ஆறு மாதங்கள் வரை நடத்தப்படுவதன் காரணம் இதுதான். பெரிய உரக்கூடங்களின் குவியல்களில் அந்த வெப்பம் கிடைக்கும், வீட்டுத் தோட்டத்தில் கிடைக்காது. எனவே அந்த வாசகம் அரைகுறை உண்மை, அதை நம்பி இதைக் கடற்கரையிலோ ஏரிக்கரையிலோ எறிபவருக்கு அது முழுப் பொய்யாகவே முடியும்.

மறுசுழற்சிக்கும் வழி எளிதாக இல்லை. காயலான் கடையில் இதை எடுத்துக்கொள்வதில்லை. தண்ணீர்ப் பாட்டில்கள் செய்யப்படும் பெட் பிளாஸ்டிக்குடன் இது கலந்தால் அந்தச் சரக்கின் தரமே கெட்டுவிடும். இரண்டும் தண்ணீரில் மூழ்குபவை என்பதால் மிதக்கவிட்டுப் பிரிக்கவும் முடியாது. பி.எல்.ஏ.யில் செய்த குளிர்பானக் குவளைகளுக்கும் இதுவே பொருந்தும் (அவற்றில் சூடான காபியை ஊற்ற வேண்டாம்). மக்கும் பைகள் வாங்குபவர்கள் ஐ.எஸ். 17088 தரக்குறிப்பையும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றையும் பார்த்து வாங்குங்கள். அவற்றிலும் பல, பெட்ரோலியத்திலிருந்து வரும் வேறொரு மக்கும் பிளாஸ்டிக்கைக் கலந்தவையே.

அறைக்குள் வைத்துப் பல ஆண்டுகள் பயன்படுத்தும் பொருள்களுக்கு இந்த இழையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். எங்கள் முதல் ஆண்டின் மாதிரிகள் வகுப்பறை அலமாரிகளில் இன்றும் புதிதுபோல் இருக்கின்றன. விற்பனையாளர்கள் அந்த வாசகத்தை நீக்கிவிட்டு, எத்தனை டிகிரியில் இளகும், எந்த வகை உரக்கூடத்தில் மக்கும் என்ற இரண்டு வரிகளை அச்சிட்டால் போதும். தீர்ந்த சுருள்களையும் கழிவுத் துண்டுகளையும் அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டால், கிலோவுக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கவும் நான் அணியமாக இருக்கிறேன். அதுவரை எங்கள் கழிவுத் துண்டுகள் நிறம் வாரியாகப் பிரிக்கப்பட்டு, பட்டறை மூலையில் இரண்டு சாக்குகளில் இருக்கின்றன.