ஃபெரட்டுக்கு அட்ரினலும் இன்சுலினோமாவும் சேர்ந்து வந்தால்: ஆபரேஷனா, இம்ப்ளான்ட்டா, மருந்தா?

எங்கள் ஃபெரட் (கீரிப்பிள்ளைச் சாயலில் இருக்கும் சின்ன வளர்ப்பு விலங்கு) மிளகு சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தான். சாப்பிடவில்லை. கண் திறந்திருக்கிறது, ஆனால் பார்வை எங்கேயோ சுவரைத் தாண்டிப் போய்விட்டது. வாயோரம் எச்சில் வழிகிறது, முன்னங்காலால் வாயைத் திரும்பத் திரும்பப் பிறாண்டுகிறான். தூக்கினால் பின்னங்கால்கள் இரண்டும் ஈரத்துணி மாதிரித் தொங்குகின்றன. ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க் நகரத்தில் ஃபெரட் வளர்க்கவே தடை, கலிஃபோர்னியாவிலும் ஹவாயிலும்கூட அப்படித்தான். இங்கே பர்மிட் வாங்கி வளர்க்கலாம். எங்களிடம் இரண்டு பேர், மிளகும் பொரியும். இருவருக்குமே அட்ரினல் என்கிற சுரப்பி நோயும் வந்தது, இன்சுலினோமா என்கிற கணையக் கட்டியும் வந்தது, ஆனால் இருவருக்கும் நாங்கள் போன வழி வேறு வேறு. ஒவ்வொரு நோய்க்கும் எந்தச் சிகிச்சை நல்லது என்று தனித்தனியாகச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே உடம்பில் உட்கார்ந்திருக்கும்போது கணக்கே மாறிவிடுகிறது, அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முதலில் அட்ரினல். சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இரண்டு புறமும் ஒவ்வொன்றாக இருக்கும் சின்னச் சுரப்பி. நாய்க்கு இது கெட்டால் பெரும்பாலும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். ஃபெரட்டுக்கு ஏறுவது பாலின ஹார்மோன்கள். அதனால் நாய்க்குப் பார்க்கிற டெஸ்ட் இங்கே உதவாது. எஸ்ட்ராடையால், ஆண்ட்ரோஸ்டீன்டையோன், 17-ஹைட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் மூன்றையும் அளக்கிற டெஸ்ட்டுக்கு ரத்தத்தை டென்னசி பல்கலைக்கழக லேபுக்கு அனுப்புவார்கள். வெளியே தெரிகிற அடையாளம் முடி கொட்டுவது. வாலில் ஆரம்பித்து இடுப்பு, முதுகு என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மேலே ஏறும். பெண்ணாக இருந்தால் கருத்தடை செய்த பிறகும் பிறப்புறுப்பு வீங்கும். ஆணாக இருந்தால் புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், அது ஒரு நாள்கூடத் தள்ளிப்போட முடியாத அவசரம்.

இந்த நோய் ஏன் அமெரிக்காவில் இவ்வளவு என்றால், பெரிய பண்ணைகளில் குட்டிக்கு ஆறேழு வாரம் ஆகும்போதே கருத்தடை செய்துவிடுகிறார்கள். விதையோ சினைப்பையோ இல்லாததால் மூளையிலிருந்து வரும் சுரப்புத் தூண்டலை "போதும்" என்று நிறுத்த ஆளில்லை. அந்தத் தூண்டல் வருடக்கணக்கில் அட்ரினலை அடித்துக்கொண்டே இருக்கிறது. பொரியின் வலது காதில் இரண்டு நீலப் புள்ளிகள் உண்டு, அப்படி ஒரு பண்ணையிலிருந்து வந்தவள் என்பதற்கு அடையாளம். அதற்காகக் கருத்தடையே வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியாது. இணை சேராத பெண் ஃபெரட்டின் பருவம் தானாக அடங்காது, நீண்டுகொண்டே போகும் ஈஸ்ட்ரோஜன் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து ரத்தச்சோகையில் கொண்டுபோய் விட்டுவிடும். நெதர்லாந்தில் ஆபரேஷனுக்குப் பதிலாக ஹார்மோன் இம்ப்ளான்ட் வைத்தே கருத்தடை செய்கிற பழக்கம் வந்ததற்குக் காரணம் இதுதான்.

அட்ரினலுக்கு: ஆபரேஷனும் இம்ப்ளான்ட்டும்

ஆபரேஷன் என்றால் கெட்டுப்போன சுரப்பியையே எடுத்துவிடுவது. இடது பக்கம் என்றால் ஓரளவு சுலபம். வலது பக்கம் என்றால் சுரப்பி உடம்பின் பெரிய ரத்தக்குழாயான வீனா கேவாவோடு ஒட்டிக்கொண்டிருக்கும், சில நேரம் கட்டி அந்தக் குழாய்க்குள்ளேயே வளர்ந்திருக்கும். அதை முழுசாக எடுப்பதற்குக் கைதேர்ந்த ஆள் வேண்டும். நீங்கள் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது "எவ்வளவு செலவாகும்" என்பது அல்ல. "எந்தப் பக்கம், இந்தப் பக்கத்தை நீங்கள் எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்" என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இம்ப்ளான்ட் என்பது டெஸ்லோரெலின், சுப்ரலோரின் என்ற பெயரில் வருவது. ஓர் அரிசியளவு குச்சி. தடிமனான ஊசியால் தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் வைப்பார்கள், ஐந்து நிமிட வேலை. 4.7 மில்லிகிராம் இம்ப்ளான்ட்டை அமெரிக்காவில் 2012 முதல் ஃபெரட் அட்ரினலுக்கு என்றே பயன்படுத்த முடிகிறது. மூளையிலிருந்து வரும் தூண்டலையே அடக்கிவிடுவதுதான் இதன் வேலை. முதல் சில நாட்களில் தூண்டல் கொஞ்சம் கூடி அப்புறம்தான் அடங்கும் என்பதால், புராஸ்டேட் ஏற்கெனவே வீங்கிய ஆணுக்கு அந்த நாட்களில் கண்கொத்திப் பாம்பு மாதிரிக் கவனம் வேண்டும். வீக்கம் இரண்டு வாரத்தில் இறங்கும், முடி ஒன்று ஒன்றரை மாதத்தில் எட்டிப் பார்க்கும். மிளகுக்கு எலி வால் மாதிரி ஆகிப்போன வாலில் முதலில் கரும்புள்ளிகள் மாதிரி வந்தன. புது நோயோ என்று பயந்துபோய் போட்டோ எடுத்து அனுப்பினேன், வரப்போகிற முடிதான் தோலுக்கு அடியில் தெரிகிறது என்றார் டாக்டர். பத்து நாளில் வால் முழுக்க வெல்வெட்.

2012இல் வந்த ஓர் ஆய்வில் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். நோய் திரும்பி வர ஆன காலம், ஆபரேஷன் செய்தவற்றுக்குச் சராசரியாக 13.6 மாதம், இம்ப்ளான்ட் வைத்தவற்றுக்கு 16.5 மாதம். ஆபரேஷன்தான் "நிரந்தரத் தீர்வு" என்று நம்பியிருந்த எனக்கு இந்த எண் பெரிய அதிர்ச்சி. ஒரு சுரப்பியை எடுத்தாலும் இன்னொன்று அதே தூண்டலின் கீழ்தான் இருக்கிறது, அதுவும் கெடலாம் என்று யோசித்தால் புரிகிறது. அதே சமயம் இம்ப்ளான்ட் அறிகுறியை அடக்குகிறதே தவிர கட்டியைக் கரைப்பதில்லை. உள்ளே அது மெல்ல வளரலாம். முடி வந்துவிட்டதே என்று ஸ்கேன் எடுப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

மாதம் ஒருமுறை போடும் லியூப்ரோலைடு ஊசியும் இதே வழியில்தான் வேலை செய்கிறது, இம்ப்ளான்ட் கிடைக்காத இடத்தில் நல்ல மாற்று. மெலடோனினை நான் சிகிச்சையாகவே எண்ணமாட்டேன். முடி வரும், நோய் அப்படியே இருக்கும்.

இன்சுலினோமாவுக்கு: எல்லாமே தற்காலிகம்தான்

கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் கட்டியாகி, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்சுலினைக் கொட்டுகின்றன. சாதாரணமாக 90இலிருந்து 125 வரை இருக்க வேண்டிய சர்க்கரை, மூன்று நான்கு மணி நேரம் பட்டினி போட்ட பிறகு 60க்குக் கீழே வந்தால் சந்தேகம் உறுதியாகிவிடும்.

இந்தப் பட்டினி விஷயத்தில் எங்களுக்கு நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். நாங்கள் முதலில் போன கிளினிக்கில் நாய் பூனைக்குச் சொல்கிற மாதிரி, "ராத்திரி முழுக்க எதுவும் கொடுக்காமல் காலையில் கொண்டுவாருங்கள்" என்றார்கள். ஃபெரட்டின் குடலில் சாப்பாடு மூன்று நான்கு மணி நேரத்தில் கடந்துபோய்விடும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. விடியற்காலை நாலரைக்கு மிளகு வலிப்பில் கிடந்தான். தேனை விரலில் தொட்டு ஈறில் தடவித் தடவிக் கொண்டுவந்தோம். யார் சொன்னாலும் ராத்திரிப் பட்டினி போடாதீர்கள். கிளினிக்கிலேயே, அவர்கள் கண் முன்னாலேயே, நாலு மணி நேரம் போதும்.

மருந்துகளில் முதலில் வருவது ப்ரெட்னிசோலோன். ஈரலைச் சர்க்கரை தயாரிக்க வைத்து அளவைத் தூக்கிப் பிடிக்கிறது. விலை குறைவு, குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போகலாம். ப்ரெட்னிசோன் வேறு, அதை ஈரல் மாற்றிக் கொடுத்தால்தான் பயன். மருந்துக் கடையில் பாட்டிலின் பெயரை ஒரு தடவை நிதானமாகப் படித்துவிடுங்கள். நாளாக ஆகத் தொப்பை போடும், தசை கரையும், தோல் மெலியும், முடி குறையும், வயிற்றில் புண் வரலாம். அட்ரினல் அறிகுறியும் கிட்டத்தட்ட இதேதான் என்பதால் எது நோய், எது மருந்து என்று குழப்பம் வரும். வலிக்கு மெலாக்ஸிகாம் கூடவே கொடுக்கக் கூடாது, ப்ரெட்னிசோலோனைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

டயசாக்சைடு நேராகக் கட்டியிடமே போய் இன்சுலின் வெளியேறுவதைத் தடுக்கிறது. கேட்க இதுதான் நல்ல மருந்து மாதிரி இருக்கும். விலை அதிகம், சிலவற்றுக்கு வாந்தியும் பசியின்மையும் வரும். சாப்பாட்டால்தான் உயிர் ஓடுகிற இந்த நோயில் பசி போவது சின்னப் பக்கவிளைவு இல்லை. அதனால் ப்ரெட்னிசோலோன் தனியாகத் தாக்குப்பிடிக்காதபோது இதைச் சேர்ப்பதே வழக்கம். சேர்த்தால் ப்ரெட்னிசோலோனின் அளவைக் குறைக்கவும் முடியும்.

ஆபரேஷனில் கணையத்தில் கடுகளவு, மிளகளவு முடிச்சுகளைத் தடவிப் பார்த்து எடுப்பார்கள். கண்ணுக்கும் விரலுக்கும் தட்டாத முடிச்சுகள் மீதமிருக்கும் என்பதால் சர்க்கரை மறுபடியும் இறங்கும், கேள்வி எப்போது என்பதுதான். பழைய ஒப்பீடுகளில் உயிரோடு இருந்த காலம் மருந்து மட்டும் என்றால் சுமார் ஆறு மாதம், ஆபரேஷன் என்றால் ஒரு வருடத்துக்கு மேல் என்று வருகிறது. ஆபரேஷனுக்கு அனுப்பப்படுவது பெரும்பாலும் வயது குறைந்த, திடமான ஃபெரட்டாகவே இருக்கும் என்பதையும் மனதில் வைத்துப் பாருங்கள்.

இரண்டும் சேர்ந்தபோது

பொரிக்கு நாலு வயதில் இடது அட்ரினல் பெரிதாகியிருந்தது, சர்க்கரை 68. எடை குறையவில்லை, இதயம் சரி. எப்படியும் வயிற்றைத் திறக்கப் போகிறோம், ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடித்துவிடலாம் என்றார் டாக்டர். சுரப்பியையும் இரண்டு முடிச்சுகளையும் எடுத்தார்கள், நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) ஓடிக்கொண்டே இருந்தது. பதினாலு மாதம் ஒரு மருந்தும் இல்லாமல் சோபாவுக்கு அடியில் சாக்ஸ் திருடிக்கொண்டு திரிந்தாள்.

மிளகுக்கு ஆறு வயது, வலிப்பு வந்தாயிற்று, அட்ரினல் வலது பக்கம். அவனுக்கு ஆபரேஷன் என்று நான் ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை, இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். இம்ப்ளான்ட்டும் ப்ரெட்னிசோலோனும், நாலு மாதம் கழித்து டயசாக்சைடும். பதினொரு மாதம் இருந்தான். கடைசிவரை முடி பளபளவென்று இருந்தது.

ஆகவே என் கணக்கு இதுதான்: இரண்டும் இருந்தால் முடிவெடுக்க வேண்டியது சர்க்கரையை வைத்து, முடியை வைத்து அல்ல. மொட்டை வால் மனதைப் பிசையும், ஆனால் சீக்கிரம் உயிரை எடுப்பது பெரும்பாலும் இன்சுலினோமா. ஐந்து வயதுக்குள், இடது பக்கம், கைதேர்ந்த டாக்டர், மூன்றும் கூடினால் ஒரே ஆபரேஷன். ஒன்று குறைந்தாலும் இம்ப்ளான்ட்டும் மருந்தும். ஆணுக்குச் சிறுநீர் அடைத்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, நேராக எமர்ஜென்சி.

அப்புறம், எந்த வழியில் போனாலும் சாப்பாடு உங்கள் கையில். இறைச்சிதான் உணவு, பழம், கிஸ்மிஸ், இனிப்புப் பசை எதுவும் வேண்டாம், சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பூட்டி) கலந்த எதுவும் வீட்டிலேயே வேண்டாம். கிண்ணம் காலியாகக் கூடாது. சர்க்கரை விழுந்தால் தேனைத் தொண்டையில் ஊற்றாமல் ஈறில் மட்டும் தடவுங்கள், தெளிந்ததும் உடனே இறைச்சி கொடுங்கள். தேனோடு நிறுத்தினால் ஏறிய சர்க்கரைக்கு இன்சுலின் இன்னும் கொட்டி அரைமணியில் மறுபடி விழும். நாங்கள் கோழியை வேகவைத்து, அதே தண்ணீரோடு மிக்ஸியில் கூழாக அடித்து, ஐஸ் தட்டில் உறைய வைக்கிறோம். ஒரு வேளைக்கு ஒரு கட்டி. மனிதர்களுக்கான குளுக்கோமீட்டர் ஃபெரட் ரத்தத்தில் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும், விலங்குகளுக்கென்று வரும் மீட்டரை வாங்கிக்கொள்ளுங்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஊட்ட வீட்டில் ஆள் உண்டா என்பதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்து வழி என்பது அந்த ஆளையும் சேர்த்துத்தான். எங்கள் வீட்டில் அவரும் நானும் முறை வைத்துக்கொண்டோம், அவர் இரண்டு மணி, நான் ஆறு மணி.

பொரிக்கு இப்போது ஆறு வயது நெருங்குகிறது. சர்க்கரை மறுபடி இறங்கியதால் ப்ரெட்னிசோலோன் தொடங்கியிருக்கிறோம், போன மாதம் இம்ப்ளான்ட்டும் வைத்தாயிற்று, வலது சுரப்பி முழித்துக்கொண்டதால். இரண்டாவது ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். மருந்தைச் சால்மன் எண்ணெயில் குழைத்துக் கரண்டியில் நீட்டினால், இன்னமும் இரண்டு கையாலும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நக்குகிறாள்.