சாவேஜ், ஃபெரோஷஸ், புரூட்டல், குரூயல்: எந்த இடத்தில் எது?

நான்கையும் 'கொடூரமான' என்ற ஒரே சொல்லால் தமிழாக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் இவை ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காருவது அபூர்வம். அவசரத்தில் மாற்றிப் போட்டால் செய்தியே திரிந்துவிடும்.

சாவேஜின் வேர் 'சில்வா' என்ற லத்தீன் சொல்; காடு என்று பொருள். அடக்க ஆளில்லாத பாய்ச்சல் என்ற சாயல் இன்றும் அதை விட்டுப் போகவில்லை. வினைச்சொல்லாக வரும்போது இது நன்றாகத் தெரியும். நாய் ஒரு சிறுவனை 'சாவேஜ்' செய்தது என்றால் கடித்துக் குதறியது என்று அர்த்தம். வெறுமனே கடித்ததற்கு 'பைட்' போதும். ஃபெரோஷஸுக்கு இப்படி வினை வடிவம் கிடையாது. அது மூர்க்கத்தையும் வேகத்தையும் சொல்லும் உரிச்சொல். அதில் கொடுமை இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. அதனால்தான் பசி, வெயில், தொழில்போட்டி எல்லாவற்றுக்கும் ஃபெரோஷஸ் பொருந்துகிறது. 'ஃபெரோஷஸ் டிபேட்' என்பது காரசாரமான விவாதம். அதைக் கொடூரமான விவாதம் என்று எழுதினால் அங்கே அடிதடி நடந்ததாக வாசகர் நினைத்துக்கொள்வார்.

புரூட்டலுக்கு மூலமான லத்தீன் சொல்லுக்குக் கனத்தது, மந்தமானது என்று பொருள். எதிரில் இருப்பது ஓர் உயிர் என்ற உணர்வே இல்லாத முரட்டு பலம் இதில் தெரியும். காவல்துறையின் அத்துமீறலுக்கு 'போலீஸ் புரூட்டாலிட்டி' என்பதே நிலைத்த வழக்கு; அங்கே சாவேஜரி ஒட்டாது. 'புரூட்டலி ஆனஸ்ட்' என்பதற்குக் கொடூரத்தோடு சம்பந்தமே இல்லை, முகத்திலடித்தாற்போல் உண்மை பேசுவது. அதிகம் சறுக்குகிற இடம் 'புரூட்டலைஸ்' என்ற வினை. கைதியை புரூட்டலைஸ் செய்தார்கள் என்றால் வதைத்தார்கள். போர் அந்தச் சிப்பாய்களை புரூட்டலைஸ் செய்தது என்றால் பெரும்பாலும் அவர்கள் மனம் மரத்து, ஈவிரக்கம் அற்றுப்போனது என்று பொருள். செயப்படுபொருள் யார் என்று பார்க்காமல் இதை மொழிபெயர்க்கவே கூடாது.

குரூயல் வேறு வகை. இதற்கு அடி வேண்டாம், ரத்தம் வேண்டாம்; ஒரு சொல், ஒரு புறக்கணிப்புகூடப் போதும். வலிக்கும் என்று தெரிந்தே செய்வது, அல்லது வலித்தால் எனக்கென்ன என்றிருப்பதுதான் இதன் மையம். சட்டம் இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததற்கும் இதுவே பொருத்தமான காரணமாகப் படுகிறது. 1689-ம் ஆண்டின் இங்கிலாந்து உரிமைச் சாசனமும், 1791-ல் ஏற்கப்பட்ட அமெரிக்க அரசமைப்பின் எட்டாவது திருத்தமும் குரூயலான, வழக்கத்துக்கு மாறான தண்டனைகளைத் தடுக்கின்றன. இந்தியாவில் 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பதும் 'குரூயல்டி'தான். மணமான பெண்ணைக் கணவனும் அவன் உறவினரும் துன்புறுத்துவதைக் குற்றமாக்கி 1983-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 498ஏ பிரிவு, இன்று அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86-வது பிரிவுகளாக இருக்கிறது. அங்கேயும் இதே சொல். மனநலத்துக்கு நேரும் கடும் தீங்கும் அந்த வரையறைக்குள் வருகிறது. எனவே இத்தகைய வழக்குச் செய்திகளில் 'கொடுமை' என்றே எழுதுங்கள். 'கொடூரம்' என்றால் உடற்காயம் இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

மனிதரைக் குறிக்கும் பெயர்ச்சொல்லாக சாவேஜைத் தொடவே வேண்டாம். 1776-ம் ஆண்டின் அமெரிக்க விடுதலைப் பிரகடனமே அம்மண்ணின் பூர்வகுடிகளை இரக்கமற்ற 'சாவேஜஸ்' என்கிறது. நிலத்தைப் பறித்தவர்கள் கையில் அது வசைச்சொல்லாகவே இருந்தது. நம் 'காட்டுமிராண்டி'யும் அதே அநியாயத்தைச் செய்கிறது. திட்டம் போட்டு நடந்த கொலைக்குக் காட்டை ஏன் இழுக்க வேண்டும்? ஈவிரக்கமற்ற கொலை என்றாலே போதும். இளைஞர்கள் 'செம சாவேஜ்' என்று பாராட்டுவது தனிக்கணக்கு. அது சூடான பதிலடி, அவ்வளவுதான்.

எழுத்துப்பிழையிலும் ஓர் ஆபத்து உண்டு. நடுவே ஓர் 'எல்' சேர்ந்தால் சால்வேஜ்; மூழ்கிய கப்பலிலிருந்து சரக்கை மீட்பது போன்ற வேலை அது. ஆனால் பிலிப்பைன்ஸ் ஆங்கிலத்தில் மட்டும் சால்வேஜ் என்றால் சட்டத்துக்குப் புறம்பாக ஒருவரைக் கொன்றுவிடுவது. சாவேஜுக்கு இணையான ஸ்பானியச் சொல் அங்கே உள்ளூர்மொழி வழியாக வந்து இதன் மேல் ஏறிக்கொண்டது என்பார்கள். மணிலா செய்தியில் ஒருவர் 'சால்வேஜ் செய்யப்பட்டார்' என்று வந்தால் 'மீட்கப்பட்டார்' என்று எழுதிவிடாதீர்கள்.