மூன்று ஆண்டுகள், ஒரு கிட்டார், அதன் மூன்றாம் கம்பி

போன வாரம் என் எலக்ட்ரிக் கிட்டாரின் விலையில் நாற்பதாயிரம் ரூபாயைக் குறைத்துவிட்டார்கள். அலுவலக நண்பர் ஒருவர் விளம்பரத்தைக் காட்டி, "நீங்கள்தான் வைத்திருக்கிறீர்களே, வாங்கலாமா?" என்று கேட்டார். முழு விலை கொடுத்து வாங்கியவனிடம் அதைக் கேட்க நல்ல துணிச்சல் வேண்டும்.

பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பகுதி), மரம், எடை பற்றியெல்லாம் விற்பவர்களே சொல்லிவிட்டார்கள். எனக்குச் சொல்ல இருப்பது மூன்றாம் கம்பியின் கதை.

பெட்டிக்குள் ஓர் அட்டை இருந்தது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோக மெட்டுகளைக் கணினி இயந்திரம் அளந்து சீவியிருக்கிறது, ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அதில் பொய் இல்லை. பன்னிரண்டாம் மெட்டில் கம்பியின் உயரம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். 22 மெட்டுகளில் எதிலும் கம்பி இடித்து அதிரவில்லை. ஆனால் சுருதி சேர்த்துவிட்டு மூன்றாம் கம்பியை ஓர் இழுப்பு இழுத்துவிட்டால், அது பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை. ஒரு நூல் இறங்கி நிற்கிறது. சரிசெய்ய முறுக்கினால் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்து, பிறகு 'டிங்' என்று துள்ளி, ஒரு நூல் ஏறி நிற்கிறது. இரண்டே முக்கால் லட்சம் ரூபாய்!

முறுக்காணியைச் சந்தேகித்தேன், கம்பியைச் சந்தேகித்தேன், கடைசியில் என் காதையே சந்தேகித்தேன். குற்றவாளி நட் என்று புரிய நான்கு மாதம் ஆனது. கழுத்து முடிந்து தலை தொடங்கும் இடத்தில் கம்பிகளைத் தாங்கும் சிறு வெள்ளைத் துண்டுதான் அது. இந்த வகைக் கிட்டாரில் தலை பின்னால் சாய்ந்திருக்கும். முறுக்காணிகள் பக்கத்துக்கு மூன்று. நடுவிலுள்ள மூன்றாம், நான்காம் கம்பிகள் நட்டைத் தாண்டியதும் கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் மடங்கித்தான் போக வேண்டும். நட்டில் கம்பி அமரும் பள்ளம் மயிரிழை இறுக்கமாக இருந்தாலும் அங்கே சிக்கிக்கொள்ளும். அதிலும் மூன்றாவது, மேலே சுற்று இல்லாத வெறும் எஃகு, 0.017 அங்குலத் தடிமன். இருக்கும் ஆறில் அதற்குத்தான் தொட்டால்சிணுங்கிக் குணம்: இழுவை கொஞ்சம் மாறினாலும் சுருதி மற்றவற்றைவிட அதிகம் நகரும்.

விற்ற கடையில், "கம்பி பழகட்டும் சார்" என்றார்கள். மறுமுறை போனபோது, வெளியில் யாராவது நட்டைத் தொட்டால் உத்தரவாதம் போய்விடும் என்றார்கள். தாங்களும் தொடவில்லை. பென்சில் முனையைப் பள்ளத்தில் தேய்த்துப் பார்த்தேன். கிராஃபைட் தூள் வழுக்கிக் கொடுத்தது, இரண்டு வாரத்துக்கு.

அம்மா வீணை வாசிப்பவர். என் புலம்பலைக் கேட்டு, "மேளம் கட்ட ஆளைப் பார்த்தாயா?" என்றார். வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் நிற்பவை; வெயிலில் மெழுகு இளகும், மெட்டு நகரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆள் வந்து, ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டு மறுபடி நிறுத்திக் கொடுப்பார்; அதுதான் மேளம் கட்டுவது. அதை அம்மா வீணையின் குறையாக எண்ணியதே இல்லை. நான் மட்டும், விலை கூடினால் ஆள் தேவைப்படாது என்று நினைத்துவிட்டேன்.

புரசைவாக்கத்தில் ஒரு மாடியறையில் ஆள் கிடைத்தார். அட்டையைப் பார்க்கவே இல்லை. "என்ன கம்பி போடுகிறீர்கள்?" என்றார். 10-46 என்றேன்; மெல்லிய கம்பி 0.010 அங்குலம், தடித்தது 0.046. கம்பித் தடிமனுக்கு ஏற்ற சிறு அரங்களை எடுத்து, பள்ளத்தை முறுக்காணி இருக்கும் திசைக்குச் சற்றுச் சாய்த்து அராவினார். இருபது நிமிடம், அறுநூறு ரூபாய். இழுத்தேன், விட்டேன். கம்பி சொன்னபடி கேட்டது. மகிழ்ச்சியைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது.

மற்ற பராமரிப்பெல்லாம் தொல்லையே இல்லை. சென்னை மழைக்காலத்தில் ஒருமுறை, ஏசி ஓயாமல் ஓடும் மே மாதத்தில் ஒருமுறை, கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும். என் வியர்வைக்குச் சாதாரணக் கம்பி பத்து நாளில் துருப்பிடிக்கிறது. மேற்பூச்சுள்ளது இரண்டு மாதம் வருகிறது. நைட்ரோசெல்லுலோஸ் மெருகு பூசிய கருவியை மலிவான ரப்பர் தாங்கியில் சாய்த்து வைக்காதீர்கள்: என் கிட்டாரின் முதுகில் இரண்டு இளகிய தழும்புகள் இருக்கின்றன. அது முழுக்க என் தவறு.

ஒலியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டால் பாவம். கழுத்துப்பக்க பிக்கப்பில், குமிழைப் பாதிக்கு இறக்கி, ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்தினால் அது தேய்ந்து மறையும்வரை கை அடுத்த மெட்டுக்குப் போக மறுக்கிறது. விரற்பலகை ஈட்டி மரம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்கிற இனம்தான். கடல் கடந்து போய்க் கிட்டாராகி இந்த விலையில் திரும்பி வந்திருக்கிறது. தொடும்போதெல்லாம் அந்த வேடிக்கை நினைவுக்கு வருகிறது. மூன்று ஆண்டுகளில் வேறு கிட்டாரை நான் வெளியில் எடுத்ததே இல்லை.

நண்பரிடம் வாங்காதீர்கள் என்றுதான் சொன்னேன். பாதி விலையில் ஒன்றை வாங்கிக்கொண்டு நேரே அந்த மாடியறைக்குப் போங்கள் என்றேன். அந்தப் பதிலில் நாற்பதாயிரம் ரூபாய்க் கோபம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

நேற்று இரவு சுருதி சேர்க்கும்போது நான்காம் கம்பி 'டிங்' என்றது.